ஒரே எண்ணிலிருந்து நாலு மிஸ்டு கால்

என் பீரோவின் அடித்தட்டில் கல்லூரி ப்ராஜெக்ட் அறிக்கை ஒன்று கிடக்கிறது. கறுப்பு ரெக்சின் அட்டை, பொன்னெழுத்து. நான்கு முறை வீடு மாறியிருக்கிறேன். நான்கு முறையும் குப்பையில் போடக் கையில் எடுத்து, திரும்ப உள்ளேயே வைத்திருக்கிறேன். பெருமைக்காக வைத்திருப்பதாக என் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் மறுத்ததில்லை. மறுத்தால் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் வளர்ந்தது மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில், அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்பவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில். தொண்ணூறுகளில் அங்கே எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. வீட்டுக்கு எண், பால் அட்டைக்கு எண், நூலகத்துக்கு எண், அப்பாவின் சட்டைப் பையில் தொங்கும் அட்டைக்கு எண். கூட்டுறவுக் கடையில் பெயரைச் சொன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், வீட்டு எண்ணைச் சொன்னால் சர்க்கரை வரும். ஒரு எண் என்றால் ஒரு கணக்கு. இந்த நினைப்போடுதான் நான் ஜி.எஸ்.டி. சாலையோரத்து பொறியியல் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு போன்தான் இருந்தது. அது மட்டும் வேண்டிய நேரத்தில் என் ஞாபகத்துக்கு வரவில்லை.

கடைசி வருஷம் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு அப்ளிகேஷன் செய்ய வேண்டும். அப்போதெல்லாம் ஆப் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் துறையில் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த விரிவுரையாளர் அதை வகுப்பில் சொன்னார்: "டெக்னாலஜிக்கு அம்பது மார்க், பிசினஸுக்கு அம்பது. நிஜமான ஒரு ஆளுக்குச் செஞ்சு குடுங்க, அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ஒரு பக்கம் மட்டும் தூக்கிப் பிடிச்சா மறுபக்கம் சாஞ்சிடும்." நான் நோட்டில் கடல் படம் வரைந்துகொண்டிருந்தேன். பிசினஸ் என்பது ப்ரோக்ராம் எழுத வராதவர்களுக்கு ஒதுக்கும் வேலை என்பது அன்றைய என் அபிப்பிராயம். தலைக்கனத்துக்கு அப்போது என்னிடம் பஞ்சமே இல்லை.

எனக்குக் கூட்டாக வந்தவள் சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்து வருபவள். பக்கத்துப் பெஞ்சு. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "டவுன்ஷிப்பு" என்றுதான் கூப்பிடுவாள். ப்ரோக்ராம் அவளுக்குச் சுமார்தான். ஆனால் யாரிடமும் போய்ப் பேசுவாள். பஸ் கண்டக்டரிடம் பேச ஆரம்பித்தால் இறங்குவதற்குள் அவர் மகளின் பிளஸ் டூ மார்க் வரை கேட்டு வைத்திருப்பாள்.

"ஏய் டவுன்ஷிப்பு, எங்க வூட்டுக்கு வா. ப்ராஜெக்டு அங்கதான் கீது" என்றாள் ஒருநாள்.

அவளுடைய அப்பா அவள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா வீட்டிலேயே மெஸ் நடத்தினார். அருகில் தொழில் நகரம் வந்து, கம்பெனிகள் வந்து, மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் இன்னும் தெற்கேயிருந்தும் பையன்கள் காண்டிராக்ட் வேலைக்கு வந்து குவிந்திருந்த சமயம். ஓர் அறைக்கு நாலு பேர், ஐந்து பேர் என்று தங்கியிருந்தார்கள். கம்பெனி கேன்டீன் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். இவர்களுக்கு மதியம் அரை மணி நேரம், கேட்டுக்கு வெளியே. அந்த அரை மணிக்கு அவள் அம்மா சோற்றுப் பொட்டலங்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார்.

எத்தனை பொட்டலம் என்று எப்படித் தெரியும்? காலையில் எட்டு மணியிலிருந்து ஒன்பதரைக்குள் சாப்பாடு வேண்டியவர்கள் மிஸ்டு கால் கொடுப்பார்கள். அவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அரிசி டிரம் மேல் போன், மடிப்பக்கத்தில் நறுக்கிய வாழையிலைகள், எதிரே ஒரு தாம்பாளம். போன் அடிக்கும். அவர் எடுக்க மாட்டார். ஓர் இலையை எடுத்துத் தாம்பாளத்தில் வைப்பார். அடிப்பது நிற்கும். மறுபடி அடிக்கும், இன்னோர் இலை. ஒன்பதரைக்கு உலை வைக்க எழுந்திருப்பார். தாம்பாளத்தில் எத்தனை இலையோ அத்தனை பொட்டலம். எண்ணிக்கூடப் பார்க்க மாட்டார், இலை தீரும்வரை சோறு கட்டுவார்.

முதல்நாள் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "யாரு கூப்பிட்டாங்கன்னு பாக்க மாட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"நம்பரு இன்னாத்துக்கு கண்ணு? அடிச்சா ஒரு எல. அவ்ளோதான். நீ மொதல்ல துன்னு" என்றார்.

தின்றேன். அவர் வைத்த கத்தரிக்காய்க் காரக்குழம்பை அந்த வருஷம் முழுக்கத் தின்றேன். ஒருநாளும் காசு கேட்டதில்லை, நான் பர்ஸை எடுப்பதற்குள் அவர் பாட்டுக்கு இரண்டாம் கரண்டி போட்டுவிடுவார்.

என் தோழிக்கு ஒரு கனவு இருந்தது. ஒன்றரை மணி நேரம் அம்மா போன் முன்னால் உட்கார வேண்டாம். அடிக்கிற அழைப்பை ஒரு மோடம் வாங்கிக்கொள்ளும், கம்ப்யூட்டர் எண்ணும், திரையில் எண்ணிக்கை வரும். அம்மாவுக்குச் சரிப்பட்டு வந்தால் ஊரப்பாக்கத்திலிருந்து மதுராந்தகம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிற மெஸ்களுக்கெல்லாம் அதையே போட்டுக் கொடுக்கலாம். வேலைக்கே போக வேண்டாம், இதுவே தொழில். அதற்காக மெஸ் மெஸ்ஸாக ஏறி இறங்கினாள். செருப்பு அறுந்து, ஊக்கு குத்திக்கொண்டு வந்து நிற்பாள். "மிஞ்சுற சோறுதான்டி எல்லாருக்கும் பேஜாரு. அத கொறச்சிட்டா போதும், வாங்கிக்குவாங்க" என்பாள். நான் கீபோர்டிலிருந்து கண்ணெடுக்காமல் உம் கொட்டுவேன்.

ஆய்வகத்தில் மோடத்தை இணைத்தபோது ஒரு சிக்கல் வந்தது. யாராவது ஒருமுறை அழைத்து மூன்று தரம் மணி அடிக்க விட்டால், மோடம் ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பியது. ஒரு அழைப்பு மூன்று சாப்பாடாகக் கணக்கில் ஏறியது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரே எண்ணிலிருந்து பத்து நிமிஷத்துக்குள் எத்தனை முறை வந்தாலும் அதை ஒன்றாக எண்ணு. நாலு வரி. அழகாக வேலை செய்தது. ஹாஸ்டலில் தங்கியிருந்த தோழிகள் ஆளுக்கொரு போனிலிருந்து அழைத்துச் சோதித்துக் கொடுத்தார்கள். ஒன்பது பேர் அழைத்தார்கள், திரையில் ஒன்பது.

அவள் மட்டும் தயங்கினாள். "எதுக்கும் அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமே?"

"இதுல அம்மா என்னடி சொல்லப் போறாங்க? மோடம் மூணு தடவ கத்துது, நான் ஒண்ணா எண்றேன். லாஜிக்" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அவள் அடங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

பொங்கல் லீவு முடிந்த வாரம் அவர்கள் வீட்டில் வைத்தோம். டவுன்ஷிப்பிலிருந்து என் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, கால் டாக்ஸியில் கொண்டுவந்திருந்தேன். சிம் ஒன்றுதான் இருந்தது. அதை அவருடைய போனிலிருந்து கழற்றி மோடத்தில் போட்டோம். அப்படிப் போட்டதும் போன் செத்துவிட்டது. எட்டு மணிக்கு அவர் பழக்கதோஷத்தில் இலைகளோடு வந்து உட்கார்ந்தார். மோடத்தில் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"சத்தமே வரலியே கண்ணு?"

"அதுதான் ஆன்ட்டி இதோட அழகே" என்றேன்.

ஒன்பதரைக்குத் திரையில் இருபத்தேழு என்று காட்டியது. அவர் நெற்றியைச் சுருக்கினார். "போன வாட்டி எழுவது எல நறுக்கி வச்சதே பத்தலியே."

"பொங்கலுக்கு ஊருக்குப் போனவங்க இன்னும் திரும்பியிருக்க மாட்டாங்க ஆன்ட்டி."

"அதுவும் சரிதான். இருந்தாலும் ஒரு இருவது சேத்து கட்டிக்கிறேன்."

"கட்டட்டும்டி" என்றாள் என் தோழி.

எனக்குக் கோபம் வந்தது. "கட்டினா மிஞ்சும். மிஞ்சலன்னு காட்டத்தானே இந்த ப்ராஜெக்டே? ரிப்போர்ட்ல டேபிள் போட வேணாமா? என்ன எழுதுவ?" என்று அவர் எதிரிலேயே அவளைக் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "அவ சொன்னா சரியா இருக்கும்மா" என்றாள்.

இந்த ஒரு வரியை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. என்னை நம்பிச் சொன்னாள். பிசினஸ் அவள் பக்கம், டெக்னாலஜி என் பக்கம் என்று பிரித்துக்கொண்டபோது, முடிவு எடுக்கும் உரிமையையும் நான் என் பக்கமே வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் போயிற்று.

இருபத்தேழு பொட்டலம். அறிக்கைக்குப் படம் எடுக்க நானும் ஷேர் ஆட்டோவில் கூடப் போனேன். பன்னிரண்டரைக்கு கேட்டைத் திறந்துவிட்டார்கள். நீலச் சட்டைகள் கூட்டமாக வந்தன. ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பித்தான் இருந்தார்கள்.

"அக்கா, எங்க ரூமுக்கு நாலு" என்று முதல் ஆள் கையை நீட்டினான். கொடுத்தார். "எங்களுக்கு மூணுக்கா." கொடுத்தார். "அஞ்சு." கொடுத்தார். ஏழெட்டுப் பேர் வாங்கியதும் கூடை காலி. பின்னால் வரிசை அப்படியே நின்றது.

ஒரு பையன் தன் போனைத் திறந்து அவரிடம் காட்டினான். "நாலு வாட்டி அடிச்சனேக்கா. பாருங்க." நானும் எட்டிப் பார்த்தேன். எட்டு நாற்பத்தொன்று, எட்டு நாற்பத்தொன்று, எட்டு நாற்பத்திரண்டு, எட்டு நாற்பத்திரண்டு. அறைக்கு ஒரு போன். தலைக்கு ஒரு மிஸ்டு கால். ஒவ்வொரு அடிப்பும் ஒரு வயிறு. அதைத்தான் நான் நாலு வரியில் வழித்து எடுத்துப் போட்டிருந்தேன்.

எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. கேமராவைப் பைக்குள் வைத்தேன்.

அவர்தான் பேசினார். "எம்மேலதான் தப்புப்பா. போன் கெட்டுப்பூச்சி. மன்னிச்சிக்கோங்க." எங்கள் இரண்டு பேர் பக்கமும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் பையன்கள் எங்களைப் பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பார்.

யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்லக்கா" என்றார்கள். கேட்டோரக் குழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள். ஐந்து பொட்டலம் வாங்கியவன் இரண்டைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அதை ஆறு பேர் நின்றபடியே பிய்த்துத் தின்றார்கள். ஒரு மணிக்கு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் தோழி என் காதருகே கேட்டாள். "அந்த பத்து நிமிஷமா?" நான் தலையாட்டினேன். அம்மாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

மறுநாள் சிம்மைப் பழைய போனில் போட்டார்கள். தாம்பாளத்தில் இலைகள் நிறைந்தன. ஒருவருக்கும் குறையக் கூடாது என்று பத்து இலை அதிகமாகவே வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கேட்டில் ஆட்களைச் சப்ளை செய்யும் காண்டிராக்டர் நின்றிருக்கிறார். "நேத்து பசங்க பட்டினியா நின்னு வேல செஞ்சானுங்க. மத்தியானத்துக்கு மேல லைன் ஓடல, எனக்கு மேலருந்து ஏச்சு. இனிமே வேற மெஸ்ஸு. நீங்க வராதீங்க." பக்கத்தில் வேறொரு வண்டி ஏற்கெனவே பொட்டலங்களோடு நின்றிருக்கிறது. அந்த இடத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதை நான் கொடுத்தேன். கட்டிய சோறு முழுவதும் அதே ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

மிஞ்சுகிற சோறு என்று தோழி எழுதிக்கொண்டிருந்த அத்தியாயத்துக்கு அதைவிடப் பெரிய உதாரணம் கிடைத்திருக்காது. அவள் அந்த அத்தியாயத்தை முடிக்கவில்லை. நான்தான் எதையோ எழுதி நிரப்பினேன்.

அதற்குப் பிறகும் அவர் எட்டு மணிக்கு இலைகளோடு உட்கார்ந்தாராம். இரண்டு வாரம் உட்கார்ந்தாராம். ஒருநாள் போன் அடித்தது, இலையை எடுத்து வைத்தார், அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால் யாரோ வேறு யாரையோ கேட்டார்கள். தோழி இதை என்னிடம் கல்லூரி பஸ்ஸில் சொன்னாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. டவுன்ஷிப்பு என்று கூப்பிடுவதை அந்த நாட்களில் நிறுத்தியிருந்தாள். என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள். அது எனக்கு அடி விழுந்ததுபோல இருந்தது.

மார்ச்சில் கையெழுத்து வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். பயனாளர் சான்று இல்லாமல் அறிக்கையை வாங்க மாட்டார்கள். தொழில் நகரத்திலேயே ஒரு கம்பெனி கேன்டீனில் அவர் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு வந்தார். விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. சேலைக்கு மேல் போட்டிருந்த கம்பெனி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "துன்னியா கண்ணு?" என்றார்.

படிவத்தை நீட்டினேன். 'மேற்படி மென்பொருள் எங்கள் நிறுவனத்தில் திருப்திகரமாக இயங்கியது' என்று நானே டைப் செய்து கொண்டுபோயிருந்தேன். நிறுவனம் என்ற இடத்தில் மெஸ்ஸின் முகவரி. அவர் எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டே இருந்தது. போன் கெடவில்லை ஆன்ட்டி, நான்தான்.

அவரே ஆரம்பித்தார். "அன்னிக்கு அந்த இருவத நான் சேத்துக் கட்டியிருக்கணும். மனசு சொல்லிச்சி. கேக்காம வுட்டேன். நீ இன்னா பண்ணுவ, சின்னப் பொண்ணு. போன் கெட்டுப்போனா கம்ப்யூட்டருக்கு எப்டி தெரியும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தோழி சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். திறக்கவில்லை. மார்க் போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று பல வருஷம் தேடியிருக்கிறேன்.

கையெழுத்துக்கு மேலே ஒரு கட்டம் இருந்தது. 'குறைகள் ஏதேனும் இருப்பின்.' அவர் பேனாவை அதன்மேல் வைத்து, "இதுல இன்னா எய்தணும்?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்கு நிறைய நேரம் கொடுத்தார். கடைசியில் தோழிதான், "ஒண்ணும் இல்லன்னு எழுதும்மா" என்றாள்.

வைவாவுக்கு வெளிக்கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "ஒரே நம்பர்லருந்து ரெண்டு தடவ வந்தா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார். சொன்னேன். நாலு வரியையும் சொன்னேன். "வெரி குட். டூப்ளிகேட்ட யோசிச்சிருக்கீங்க" என்றார். பிறகு என் தோழியிடம் திரும்பி, இப்போது எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார்."

"அப்போ பிசினஸ் எப்படிம்மா?"

"முன்னாடி நல்லா இருந்துச்சி சார்" என்றாள்.

டெக்னாலஜியில் எனக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு. அவளுக்கு எத்தனை என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. கேம்பஸில் எனக்கு வேலை கிடைத்தது, பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம். அங்கே பதினாறு வருஷம் டூப்ளிகேட்டுகளை நீக்கினேன். அவள் செங்கல்பட்டில் ஒரு செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக் கொடுக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கடை இருக்கும் தெரு வழியாக நான் போனதில்லை. ஸ்டேஷனிலிருந்து சுற்றிக்கொண்டு போவேன்.

அவள் அம்மா இப்போது இருக்கிறாரா என்று தெரியாது. இருந்தால், அந்த இருபது பொட்டலத்தைக் கட்டாமல் விட்டது தன் தப்பு என்றுதான் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார். போன வாரம் அறிக்கையை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். குறைகள் என்ற கட்டத்தில், ஊறிப்போன விரல் பட்டு மை கொஞ்சம் கலைந்து, 'ஒன்றும் இல்லை' என்று இருக்கிறது. கீழே அவர் கையெழுத்து, அதற்கும் கீழே மாணவி என்ற இடத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.